கற்கும் எந்திரத்தைக் கருதிய அறிஞர்

பிறந்த குழந்தை பேச அறியாது, கணக்கிடவும் அறியாது. ஆயினும், சில ஆண்டுகளில் அஃது இரண்டையும் கற்றுக்கொள்கிறது. இங்ஙனம் கற்கும் ஆற்றலை எந்திரத்திற்கும் அளித்தல் கூடுமோ? இவ்வினாவை ஆராயத் துணிந்தவர் கணித மேதை ஆலன் டூரிங் ஆவார்.

டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். அன்னையார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால், டூரிங்கும் அவர் தமையனாரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர். 1926-இல் டூரிங் புதிய பள்ளியிற் சேரச் சென்றபோது, வேலைநிறுத்தத்தால் புகைவண்டிகள் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவராகிய அவர், மிதிவண்டியிலேயே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பள்ளியை அடைந்தார்.

விதிமுறைப்படி செய்யத்தக்க கணக்கு எதனையும், கட்டளைகளுக்கேற்ப ஒரே எந்திரம் செய்ய இயலும் என்று 1936-இல் அவர் நிறுவினார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியரின் ‘எனிக்மா’ மறைமொழியை விடுவிக்கும் பணியில் பெரும்பங்கு ஆற்றினார்.

போருக்குப் பின், 1948-இல், தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு அவர் ஓர் அறிக்கை எழுதினார். எளிய உறுப்புகள் பலவற்றை எவ்வித ஒழுங்குமின்றி ஒன்றோடொன்று இணைத்தல் வேண்டும். பின்னர்ப் பயிற்சியால், வேண்டும் இணைப்புகளை இயங்கவிட்டு, வேண்டாதவற்றைத் தடுத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின், ஒழுங்கற்ற அவ்வமைப்பு ஒரு தொழிலைச் செய்யவல்ல எந்திரமாகத் திருந்தும் என்பது அவர் கருத்து. குழந்தையின் மூளையும் இத்தகையதே என்றும், கல்வியே அதனை ஒழுங்குபடுத்துகிறது என்றும் அவர் எண்ணினார். ஆய்வுக்கூடத் தலைவர் அவ்வறிக்கையை மதித்திலர். டூரிங்கின் வாழ்நாளில் அஃது அச்சேறவும் இல்லை.

அவர் தளர்ந்தாரில்லை. முதிர்ந்தோரின் அறிவை எந்திரத்தில் அமைக்க முயல்வதினும், குழந்தையின் அறிவை ஒத்ததொன்றை அமைத்து, அதற்குக் கல்வி புகட்டுவதே தக்கது என்று 1950-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். உயிர்களின் உடலில் வரிகளும் புள்ளிகளும் வேதிப்பொருள்களின் வினையால் தாமே தோன்றக்கூடும் என்று 1952-இல் கணிதத்தால் காட்டினார்.

அவ்வாண்டிலேயே, ஆடவர் ஆடவரை விரும்புதலைக் குற்றமெனக் கொண்ட அந்நாட்டுச் சட்டம் அவரைத் தண்டித்தது. நாட்டைக் காத்தவர் நாட்டாலேயே துன்புறுத்தப்பட்டார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தமது 41-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2013-இல்தான் அரசியார் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இணைப்புகளைப் பயிற்சியால் திருத்தித் திருத்திக் கற்கும் எந்திரங்கள் இன்று உலகெங்கும் இயங்குகின்றன. அன்று போற்றுவாரின்றிக் கிடந்த கருத்தின் பெருமையை இன்று உலகம் உணர்ந்துள்ளது. ஒன்றும் அறியாது தொடங்குதல் குறையன்று. திருத்தத் திருத்தத் தேறுவதே கல்வி என்னும் உண்மையை டூரிங்கின் வாழ்வும் ஆய்வும் உணர்த்துகின்றன.