கண்டிவரை வந்த செக்கோவ்

உருசிய நாட்டுச் சிறுகதையாசிரியராகிய அந்தோன் செக்கோவ் நம் இலங்கை மண்ணை மிதித்துச் சென்றவர் என்பதை மாணவர் பலர் அறியார். 1890ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புகையிரதமேறிக் கண்டிமாநகர் வரை வந்தார். சில நாட்களிலே கப்பலேறி மீண்டார். அப்பொழுது அவருக்கு வயது 30. நுரையீரலிலிருந்து முதன்முதலாகக் குருதி வெளிப்பட்டு ஆறாண்டுகள் ஆகியிருந்தன. தாமே வைத்தியராயிருந்தும், அதனைச் சயரோகமென்று ஒப்புக்கொள்ள அவர் மறுத்துவந்தார்.

செக்கோவின் கதைகளையும் நாடகங்களையும் ஆராய்ந்து எழுதியோர் பலர். அந்நோயோடு அவர் நடத்திய இருபதாண்டுக் குடித்தனம் பற்றித் தமிழில் விரித்துரைத்தார் சிலரே. மார்புச்சளியும் இருமலும் வீட்டுக்கு வீடு கேட்கும் மலைநாட்டிலே வாழும் நமக்கு அவ்வரலாறு அயலார் கதையன்று.

செக்கோவ் 1860ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அசோவ் கடற்கரையிலுள்ள தகன்ரோக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாய் இருந்து, பணங்கொடுத்துத் தம்மையும் தம் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டவர். தந்தையார் மளிகைக்கடை வைத்திருந்தார். 1876இல் கடை முறிந்தது, கடன்காரர்க்கு அஞ்சித் தந்தை மொஸ்கோவுக்கு ஓடினார், குடும்பமும் பின்தொடர்ந்தது. பதினாறு வயதுச் சிறுவனாகிய அந்தோன் மட்டும் பள்ளிப்படிப்பை முடிக்கும் பொருட்டு மூன்றாண்டுகள் தனித்து நின்று, பிற பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பிழைத்தார். பின்னர் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றபோது, நகைச்சுவை ஏடுகளுக்குச் சிறு சிறு கதைகள் எழுதி அக்கூலியால் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காப்பாற்றினார். உறக்கமின்மையும் குளிரும் நெருக்கமான வீடும் ஒருங்கு கூடிய வாழ்க்கை அது. சயரோகக் கிருமிக்கு இதனினும் இனிய விருந்து வேறில்லை.

1884இல் அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே குருதி உமிழ்ந்தார். செருமானிய அறிஞர் கொக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து உலகறியச் செய்தது 1882இல். ஆகவே இருமலுடன் வரும் குருதிக்குப் பொருள் யாதென்பது புதுவைத்தியராகிய செக்கோவுக்குத் தெரியாததன்று. எனினும் தொண்டையிலே ஒரு நாளம் வெடித்ததென்று தமக்கும் பிறர்க்கும் காரணங் கற்பித்துக்கொண்டார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது மீண்டும் மீண்டும் வந்தது. பிறர் மார்பிலே செவிவைத்துக் கேட்டவர் தம் மார்பைப் பிற வைத்தியருக்குக் காட்டப் பதின்மூன்றாண்டுகள் இணங்கவில்லை. 1889இல் அவருடைய தமையனும் ஓவியருமாகிய நிக்கலாய் இதே நோயால் மாண்டார். பக்கத்திலிருந்து பணிவிடை செய்து, நோய் படிப்படியாக ஒரு மனிதனை எவ்வாறு தின்னும் என்பதைக் கண்ணாரக் கண்ட பின்னும் அவர் தம்மைச் சோதித்துக்கொள்ளவில்லை. இதனை அச்சமென்பதா, வைராக்கியமென்பதா? வீட்டின் சுமை முழுவதையும் தாங்கிய பிள்ளைக்கு நோயாளியாகப் படுக்கும் ஓய்வு எங்கிருந்து வரும் என்று எண்ணவே எனக்குத் தோன்றுகிறது.

தமையன் இறந்த மறு ஆண்டிலே அவர் செய்த காரியம் நண்பர்களைத் திகைக்கவைத்தது. உருசியாவின் கீழ்க்கோடியிலே, கைதிகளைக் குடியேற்றிய சகலின் என்னுந் தீவை நேரிற் காணப் புறப்பட்டார். சைபீரியாவிலே அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. படகிலும், குண்டுங்குழியுமான வழியில் குலுங்கும் வண்டியிலும் வாரக்கணக்காகச் சென்றார். வழியில் வண்டி குலுக்கியதிலே மீண்டும் குருதி உமிழ்ந்ததைத் தாமே கடிதத்திற் குறித்தார். அத்தீவில் மூன்று மாதங்கள் தங்கி, குடிசைதோறும் நுழைந்து, கைதிகளையும் குடியேறியவர்களையும் கண்டு பேசி, ஏறத்தாழ 10,000 அட்டைகளில் ஒவ்வொருவர் விவரத்தையும் பதிவு செய்தார். திரும்பும்போது கடல்வழியாக வந்தார். சிங்கப்பூரை நோக்கி வரும் வழியில் கப்பலில் இருவர் இறக்க, அவர்தம் உடல்களைச் சாக்குத்துணியிற் சுற்றிக் கடலில் இட்டனர். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதன் பின்னரே நம் கொழும்பு தென்பட்டது.

இலங்கையை அவர் சுவர்க்கம் என்றே கடிதங்களிற் போற்றினார். தென்னையும் பனிமலையும் பச்சைப்பசேலென்ற பள்ளத்தாக்குகளும், சகலினின் சேற்றையும் விலங்குகளையும் கண்டு வந்த கண்ணுக்குச் சுவர்க்கமாய்த் தோன்றியதில் வியப்பில்லை. இங்கிருந்து கீரிப்பிள்ளைகளை வாங்கிச் சென்றார். அவற்றுள் ஒன்று கீரியன்று, மரநாய் என்பது பின்னரே வெளிப்பட்டது. வாங்கிய இடத்தில் யாரோ ஒரு வியாபாரி வைத்தியரையாவை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்! உண்மைக் கீரி மொஸ்கோ வீட்டிலே பூச்சாடிகளைத் தோண்டி, வந்தோர் சட்டைப்பைகளைத் துழாவிச் செல்லப்பிள்ளையாய் வளர்ந்தது. ஈற்றில் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுக்கப்பட்டது.

ஆயினும், மலைநாட்டுத் தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு அவர்மீது ஒரு மனக்குறை உண்டு. அவர் வந்த 1890ஆம் ஆண்டிலே கோப்பிச் செடிகள் நோயால் அழிந்து, தேயிலை மலைகளை மூடிக்கொண்டிருந்தது. இருப்புப்பாதை 1885இலேயே நானுஓயா வரை எட்டியிருந்தது. மன்னார்க்கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த நம்மவர், அக்கண்டியைத் தாண்டியே தோட்டங்களுக்கு ஏறினர். கண்டிக்கு மேலே அட்டன் வரையேனும் அவர் வந்திருப்பாராயின், 10 அடிக்கு 12 அடி என்ற லயன் காம்பராக்களை, சாளரமற்ற சுவருக்குள்ளே விறகுப்புகை சூழ ஒரு குடும்பம் முழுவதும் உறங்குவதை, துண்டுக்கடனால் தோட்டத்தோடு கட்டுண்டு கிடந்த மனிதரைக் கண்டிருப்பார். பண்ணையடிமையின் பேரன், கைதிகளின் படுக்கையைக்கூட எண்ணிக் கணக்கெழுதியவர், அவர் கண்டிருந்தால் எழுதாமல் விட்டிருக்கமாட்டார். கண்டியோடு திரும்பிவிட்டார். அவர் எழுதாது விட்டதை எழுத 1935இல் புதுமைப்பித்தன் துன்பக்கேணி என்னும் கதையோடு வரவேண்டியிருந்தது. அப்புதுமைப்பித்தனும் 1948இல், 42ஆம் வயதில், இதே சயரோகத்துக்கு இரையானார்.

இலங்கையிலே கருக்கொண்டதென அவரே கூறிய கதையொன்று உண்டு. குசேவ் என்பது அதன் பெயர். கீழ்நாட்டிலிருந்து தாயகம் திரும்பும் கப்பலின் அடித்தட்டிலே, சயரோகத்தால் சாகும் ஒரு போர்வீரனையும் அவன் உடல் கடலுள் இறங்குவதையும் பற்றியது. 1890 டிசம்பரில் அச்சேறியது. தம் நோயைப் பெயர்சொல்லி அழைக்க மறுத்த வைத்தியர், அதனைக் கதையிலே எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

1892இல் மொஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ என்னும் சிற்றூரில் நிலம் வாங்கிக் குடியேறினார். அவ்வாண்டு வாந்திபேதி பரவியபோது ஊதியமின்றி 25 ஊர்களுக்கு வைத்தியப் பொறுப்பேற்றார். பின்னர் மூன்று பள்ளிக்கூடங்கள் கட்டுவித்தார். இவையெல்லாம் இருமிக்கொண்டே செய்தவை.

மூடிவைத்த உண்மை 1897 மார்ச்சு மாத இறுதியில் வெளிப்பட்டது. மொஸ்கோவில் ஓர் உணவுவிடுதியிலே நண்பர் சுவோரினோடு விருந்துண்ண அமர்ந்த வேளையில் வாயிலிருந்து குருதி பெருகிற்று; நிற்கவில்லை. பேராசிரியர் ஒஸ்திரவூமொவின் வைத்தியசாலையிற் சேர்த்தனர். இரு நுரையீரல்களின் மேற்பகுதியையும் நோய் பற்றியுள்ளதெனக் கண்டனர். பேசலாகாது, அசையலாகாது என்பது வைத்தியர் கட்டளை. அந்நிலையிலே அவரைக் காண வந்தவர் தோல்ஸ்தோய்! வந்தவர் ஆன்மாவின் அழியாமை குறித்து நெடுநேரம் உரையாடிச் சென்றார். அன்றிரவு கழிந்து விடியுமுன் குருதி மீண்டும் பெருக்கெடுத்தது. நோயாளியைக் காணச் செல்வோர் தத்துவத்தை வாசலில் விட்டுச் செல்வது நலம்; அது தோல்ஸ்தோய்க்கும் பொருந்தும்.

அதன்பின் வைத்தியர் சொற்படி வாழவேண்டியவரானார். ஒரு குளிர்காலத்தைப் பிரான்சின் நீஸ் நகரிற் கழித்தார். பின்னர் கிரிமியாவில், யால்தாவுக்கு அருகே நிலம் வாங்கி வீடுகட்டித் தாயோடும் தங்கை மரியாவோடும் தங்கினார். அந்நாளிலே நல்ல காற்றே சயரோகத்துக்கு மருந்தென்பது உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. நம் நுவரெலியா வெள்ளையரின் ஆரோக்கியபுரியானதும் அத்தகைய எண்ணத்தால்தான்; காய்ச்சலில் நலிந்து அங்கே தேறிய சாமுவேல் பேக்கர் 1848இல் ஆங்கிலக் குடியேற்றமொன்றை அமைக்க முனைந்ததை நாம் அறிவோம். அதே காற்றைத்தான் லயத்தில் வாழ்ந்தவர்களும் சுவாசித்தனர். அவர்களை அக்காற்று காப்பாற்றவில்லை.

யால்தாவில் அவர் வாழ்ந்த நாட்களே நம் கவனத்துக்குரியவை. காலையில் நேரத்தோடு எழுவார். எவ்வளவு நலிவுற்றிருப்பினும் வீட்டுடையோடு எவர்முன்னும் தோன்றார். துப்புரவாக உடுத்தியே மேசைக்கு வருவார். கற்பாறையும் வெறுநிலமுமாய்க் கிடந்த இடத்தில் மரங்களையும் உரோசாச் செடிகளையும் தம் கையாலேயே நட்டார். நாய்களும், பழக்கிய கொக்குகளும் முற்றத்தில் உலவின. கடிதங்களும் விருந்தினரும் ஓயவில்லை. வந்தோரைப் போகச் சொல்ல அவர் நா எழாது. அவர்கள் சென்றபின் மூச்சுவாங்கிச் சாய்ந்திருப்பார். ஏழைச் சயரோகிகள், மாணவரும் கிராமத்து ஆசிரியரும், யால்தாவுக்கு வந்து, இடமின்றி அவர் கதவைத் தட்டினர். அவர்களுக்கு அறை தேடினார். பத்திரிகைகளுக்கு வேண்டுகோள் அனுப்பிப் பணந்திரட்டினார். அவருக்கு மருந்து கொடுத்த அல்த்சூலர் என்னும் வைத்தியரும் ஒரு சயரோகியே. ஒரு நோயாளியை மற்றொரு நோயாளி சோதிக்க, சோதிக்கப்பட்டவர் வேறு நோயாளிகளுக்கு வழிதேடினார்.

1901இல் ஒல்கா கினிப்பெர் என்னும் நாடக நடிகையை மணந்தார். மணமுடிந்த கையோடு இருவரும் சென்றது கிழக்கேயுள்ள ஒரு சுகவாசத்துக்கு. அங்கே குதிரைப் பாலைப் புளிக்கவைத்துச் செய்த கூமிஸ் என்னும் பானத்தைச் சயரோகிகளுக்குக் கொடுப்பர். உடல் சற்றுத் தேறியது. சலிப்பு மிகுந்து குறித்த காலத்துக்கு முன்னரே திரும்பினார். அவ்வாண்டு ஆகத்து மாதத்திலேயே சொத்துக்களைப் பங்கிட்டுத் தங்கை பெயருக்குக் கடிதவடிவில் உயில் எழுதிவைத்தார். மனைவிக்கு மேடை மொஸ்கோவில். கணவனுக்குக் காற்று யால்தாவில். நூற்றுக்கணக்கான கடிதங்களே அவர்தம் இல்லறமாயின. அவற்றிலே தம் உடல்நிலையை வேடிக்கையாகவே பெரும்பாலும் குறிப்பிட்டார்.

1903இல் மற்றொரு திருப்பம் நிகழ்ந்தது. முன்னர்ச் சோதித்த பேராசிரியர் ஒஸ்திரவூமொவ் மீண்டும் பார்த்து, யால்தா தகாது, மொஸ்கோவுக்கு அருகிலேயே குளிர்காலத்தைக் கழிக்கலாம் என்றார். அல்த்சூலர் அதனை வன்மையாக மறுத்தார். மனைவியையும் நாடகத்தையும் பிரிந்து கழித்த ஆண்டுகளெல்லாம் வேண்டாதவை தாமோ என்று அந்நோயாளி எண்ணியிருப்பாரா! உண்மையில் அந்நாளில் எந்த வைத்தியரிடமும் மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். அதனை அளித்த அமெரிக்க ஆய்வுகூடத்தின் தலைவர் வாக்ஸ்மன், செக்கோவ் வாழ்ந்த அதே உருசியப் பேரரசிற் பிறந்தவர். நல்ல காற்றா, நல்ல மருந்தா என்னும் வழக்குக்குத் தீர்ப்புக் கூறியது நம் தமிழகத்துச் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், நெருக்கமான ஏழை வீடுகளிலிருந்தபடியே ஓராண்டு மாத்திரை உண்டவர்களையும், சானட்டோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று அதே மாத்திரையை உண்டவர்களையும் ஒப்பிட்டனர். இரு திறத்தாரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே குணமடைந்தனர். 1959இல் வெளிவந்த அவ்வறிக்கைக்குப் பின், சயரோகியைக் குடும்பத்திலிருந்து பிரித்தனுப்பும் வழக்கம் உலகெங்கும் தளரத் தொடங்கிற்று.

செக்கோவின் கடைசி நாடகமாகிய செர்ரித் தோட்டம், நாளுக்குச் சில வரிகளாக, இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இடையே எழுதப்பட்டது. 1904 சனவரியில், பழைய நாட்காட்டிப்படி அவர் பிறந்தநாளன்று, மொஸ்கோவில் அரங்கேறியது. இடையே அவரை மேடைக்கு அழைத்து, இருபத்தைந்தாண்டு எழுத்துப் பணியைப் பாராட்டி, உரைமேல் உரையாக வாசித்தனர். வெளிறி மெலிந்த உருவம் இருமலை அடக்கமாட்டாது நின்றது. அமருமாறு அவையிலிருந்து குரல் எழுந்தது. அவர் அமரவில்லை, முடியும்வரை நின்றார்.

அவ்வாண்டு சூன் மாதத்தில் மனைவியோடு செருமனியிலுள்ள பாடன்வைலர் என்னும் ஊருக்குச் சென்றார். சூலை 15ஆம் நாள் விடியுமுன் மூச்சுத் திணறியபோது, தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தாமே வைத்தியரை அழைக்கச் சொன்னார் என்று ஒல்கா எழுதிவைத்தார். வந்த வைத்தியரிடம் தாம் இறப்பதை அவர் செருமன் மொழியிலேயே தெரிவித்தார். இருபதாண்டு மறுத்ததை ஒரு வைத்தியர் மற்றொரு வைத்தியரிடம் ஒப்புக்கொண்டது அப்பொழுதுதான். வைத்தியர் சாம்பேன் மது கொணர்வித்தார். அதனைப் பருகி, ஒருபுறம் சாய்ந்து, உயிர்நீத்தார். வயது 44.

உடல் மொஸ்கோ வந்தது, சிப்பிமீன் ஏற்றும் குளிர்ப்பெட்டியில். புகையிரத நிலையத்திலே கூட்டத்தில் ஒரு பகுதி, மஞ்சூரியாவிலிருந்து வந்த தளபதியொருவரின் சவ ஊர்வலத்தைச் செக்கோவினது என மயங்கி, இராணுவ வாத்தியத்தின் பின்னே சென்றுவிட்டது. அவரே எழுதியிருக்கக்கூடிய கதை. தங்கை மரியா மணஞ்செய்யாது யால்தா வீட்டிலேயே தங்கி, அதனை நினைவு நிலையமாக்கி, செருமானியர் அவ்வூரைக் கைப்பற்றியிருந்த போர்க்காலத்திலும் விட்டகலாது காத்து, 1957இல் 93ஆம் வயதில் மறைந்தார். ஒல்கா இறந்தது 1959 மார்ச்சில்.