ஆசிரியரைத் தேடிச் சென்ற பல்கலைக்கழகம் – வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் வாழ்வும் பணியும்

கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் கற்பதை ஒருநாளும் நிறுத்திவிட இயலாது. ஆயின், அவர் கற்பதற்கு வேண்டிய காலமும் பொருளும் எளிதில் வாய்ப்பதில்லை. பட்டம் பெறக் கல்லூரிக்குச் செல்ல வேண்டுமானால் பள்ளிப் பணியைத் துறக்க வேண்டும். பணியைத் துறந்தால் குடும்பம் தளரும். துறவாதிருந்தால் அறிவு தேங்கும். ஆசிரியர் உலகை நெடுங்காலமாக வருத்திவரும் இச்சிக்கலுக்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்பே விடை காண முயன்ற அறிஞர் ஒருவர் உண்டு. ஆசிரியர் பல்கலைக்கழகத்தை நாடி வர இயலாவிடின், பல்கலைக்கழகம் ஆசிரியரை நாடிச் செல்லுதல் வேண்டும் என்பதே அவர் கண்ட விடையாகும். அவர்தாம் அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக விளங்கிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர்.

இளமையும் கல்வியும்

ஹார்ப்பர் 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஓஹியோ மாநிலத்தின் நியூ கான்கார்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் கடை நடத்தி வந்தவர். ஊரிலேயே அமைந்திருந்த மஸ்கிங்கம் கல்லூரியில் சிறுவனாகவே சேர்ந்த ஹார்ப்பர், 1870-இல் தமது பதினான்காம் அகவையில் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு நாளன்று அவர் எபிரேய மொழியில் உரை நிகழ்த்தினார் என்பது அவரது வாழ்வில் பின்னர் விளைந்தவற்றுக்கெல்லாம் முன்னறிவிப்பாக அமைந்தது எனலாம்.

சில ஆண்டுகள் ஊரில் இருந்தபின் ஏல் பல்கலைக்கழகம் சென்றார். இலத்தீன், கிரேக்கம், சமற்கிருதம், கோதிக்கு ஆகிய மொழிகளின் முன்னிடைச் சொற்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1875-இல் பத்தொன்பது அகவை நிரம்பும் முன்னரே முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் எல்லா பால் என்னும் மங்கையை மணந்தார். பின்னர் டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகவும், ஓஹியோவின் டெனிசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆயத்தப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். பிற்காலத்தில் பெரும் பல்கலைக்கழகத்தை ஆண்ட அவர், தொடக்கத்தில் பள்ளி ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கினார் என்பதை நாம் மறத்தல் கூடாது. ஆசிரியரின் நாள்முழுதும் எங்ஙனம் கழிகிறது என்பதை அவர் நேரில் அறிந்திருந்தார்.

அஞ்சலில் சென்ற பாடங்கள்

1879-இல் சிகாகோவை அடுத்த மார்கன் பார்க்கில் இருந்த சமயக் கல்லூரியில் எபிரேயம் கற்பிக்கும் பணியை ஏற்றார். கடினமான இலக்கண நூல் எனப் பலரும் அஞ்சி ஒதுங்கிய அம்மொழியை, மூலநூலின் சொற்களிலிருந்தே இலக்கணத்தை உணரவைக்கும் முறையால் எளிதாக்கினார். மாணவர் ஆர்வம் பெருகவே, 1881-இல் கோடைகாலப் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். எபிரேயத்தோடு அதன் உடன்பிறப்பு மொழிகளாகிய அரபு, அரமேயம் முதலியனவும் நாளடைவில் அக்கோடைப் பள்ளிகளில் இடம்பெற்றன.

கோடை முடிந்ததும் ஊர் திரும்பியோர் எஞ்சிய பாடங்களை யாரிடம் கற்பர்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே அவரது அஞ்சல் வழிக் கல்வி. அதன் நடைமுறை எளியது. ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் ஏடு அச்சிட்டு அனுப்பப்படும். எதனைப் படிக்க வேண்டும், எவ்வாறு படிக்க வேண்டும், எவ்விடத்தில் இடர்ப்பாடு நேரும் என்பனவெல்லாம் அதில் விளக்கப்பட்டிருக்கும். உடன் வரும் வினாக்களுக்கு மாணவர் விடையெழுதி அனுப்புவார், ஐயங்களையும் எழுதலாம். ஆசிரியர் ஒவ்வொரு பிழையையும் திருத்தி, ஐயங்களுக்கு விளக்கம் எழுதித் திருப்பி அனுப்புவார்.

இம்முறையில் ஓர் உண்மையை ஹார்ப்பர் கண்டறிந்தார். வகுப்பறையில் முப்பது மாணவர் இருப்பின், ஒருவரிடம் ஒரு வினா மட்டுமே கேட்கப்படுகிறது. ஏனையவற்றை அவர் அறிவாரா என்பது தெரிவதில்லை. அஞ்சல் வழி பயில்பவரோ பாடம் முழுமைக்கும் விடை எழுதியாக வேண்டும். எனவே, எடுத்துக்கொண்ட பகுதியில் அவரது அறிவு வகுப்பு மாணவரினும் குறைந்ததாக இராது என்பது அவர் துணிபு. எனினும், நேர்முகக் கற்பித்தலுக்கு அஞ்சல் முறை மாற்றாகிவிடும் என அவர் கூறவில்லை. நேரில் கற்கும் வாய்ப்பற்றோருக்கு உரிய வழி என்றே அதனைக் கருதினார்.

ஏரிக்கரைப் பள்ளி

நியூயார்க்கு மாநிலத்தில் ஷடாக்வா என்னும் ஏரிக்கரையில், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் நோக்குடன் ஜான் வின்சென்ட்டும் லூயிஸ் மில்லரும் 1874-இல் கோடைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். 1878-இல் வீட்டிலிருந்தே நூல்கள் பயிலும் நான்காண்டுத் திட்டம் உருவாயிற்று. அடுத்த ஆண்டில் பொதுப்பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனிக் கோடை வகுப்புகள் நிறுவப்பட்டன. விடுமுறைக் காலத்தில் ஏரிக்காற்றும் பெற்று, அறிவும் பெற்றுத் திரும்பும் வாய்ப்பு ஆசிரியர்களுக்குக் கிட்டியது.

1883 முதல் ஹார்ப்பர் ஷடாக்வாவில் கற்பிக்கலானார். பின்னர் அதன் கல்விப் பணிகளின் தலைமையையும் ஏற்றார். அதே 1883-இல் பட்டம் வழங்கும் உரிமையை மாநில அரசு அந்நிறுவனத்திற்கு அளித்தது. அஞ்சல் வழியாகவே பயின்று பட்டம் பெறலாம் என்னும் நிலை அங்கு ஏற்பட்டது. ஆயினும், அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் பட்டம் வழங்கும் பணி கைவிடப்பட்டது. நூலகமும் ஆய்வுக்கூடமும் நிலையான ஆசிரியர் குழுவும் இன்றிப் பட்டத்தின் மதிப்பைக் காத்தல் அரிது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

இதற்கிடையில் 1886-இல் ஏல் பல்கலைக்கழகம் அவரைச் செமிட்டிய மொழிகளின் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ஆண்டின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்திலும் கோடையில் ஏரிக்கரையிலும் கழிந்தது. உயராய்வும் பொதுமக்கள் கல்வியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்னும் எண்ணம் இக்காலத்தில் அவருள் வேரூன்றியது.

சிகாகோவில் புதுமை

எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் ராக்பெல்லர், சிகாகோவில் ஓர் உயர்கல்வி நிலையம் அமைய 1889-இல் ஆறு இலட்சம் டாலர் வழங்க முன்வந்தார். அதன் தலைவராக 1891-இல் பொறுப்பேற்ற ஹார்ப்பர், 1892 அக்டோபர் முதல் நாளில் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தாறு.

புதிய பல்கலைக்கழகத்தின் அமைப்பிலேயே விரிவாக்கப் பணியை ஒரு முழுப் பிரிவாக அவர் சேர்த்தார். இவ்வெண்ணத்திற்கு இங்கிலாந்து முன்னோடி. 1867-இல் அங்குக் கற்பித்தல் கலை பற்றி உரையாற்றுமாறு பெண்கள் அமைப்பொன்று கேட்டபோது, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், செப்பீல்டு ஆகிய நகரங்களுக்குச் சென்று வானியல் பற்றி உரையாற்றினார். அதிலிருந்து வளர்ந்ததே பல்கலைக்கழக விரிவாக்க இயக்கம். ஆசிரியராக விரும்பிய பெண்களின் வேட்கையே அதற்கு வித்து என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வியக்கத்தில் தோய்ந்த ரிச்சர்டு மோல்டனை ஹார்ப்பர் சிகாகோவுக்கு வரவழைத்துக்கொண்டார்.

விரிவாக்கப் பிரிவு மூன்று வழிகளில் இயங்கியது. பேராசிரியர்கள் பிற ஊர்களுக்குச் சென்று தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினர். பணியில் உள்ளோர்க்கு மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்புகள் நடந்தன. தொலைவில் உள்ளோர்க்கு அஞ்சல் வழிப் பாடங்கள் சென்றன. ஆண்டை நான்கு பருவங்களாகப் பகுத்து, கோடையையும் முழுமையான பருவமாக ஆக்கியது அவரது மற்றொரு புதுமை. பள்ளி விடுமுறையில் வந்து பயின்ற ஆசிரியர்களே கோடைப் பருவத்தில் மிகுந்திருந்தனர். பல கோடைகள் தொடர்ந்து வந்தும், இடைக்காலத்தில் அஞ்சல் வழி பயின்றும் பணியிழப்பின்றிப் பட்டம் பெறும் பாதை இவ்வாறு திறந்தது. ஆனால், முழுப் பட்டத்தையும் அஞ்சல் வழியே முடித்துவிட ஹார்ப்பர் இசையவில்லை. ஒரு பகுதியையேனும் பல்கலைக்கழகத்தில் பயில வேண்டும். தேர்வில் தேற வேண்டும் என்பன விதிகள். ஷடாக்வாவில் பெற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை.

ஆசிரியர்க்கென ஒரு கல்லூரி

பல்கலைக்கழக வளாகம் நகரின் தென்பகுதியில் இருந்தது. நகரெங்கும் பரந்திருந்த பள்ளிகளிலிருந்து மாலை வேளையில் அவ்விடம் செல்வது ஆசிரியர்களுக்கு அரிதாயிற்று. இக்குறையைப் போக்க, 1898-இல் நகரின் நடுப்பகுதியில் ஆசிரியர் கல்லூரி ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. கல்வியில் பேரார்வம் கொண்ட அனிதா மெக்கார்மிக் பிளெயின் அம்மையார் அதற்குப் பொருளுதவி நல்கினார். பள்ளி நேரம் முடிந்தபின்னும் சனிக்கிழமைகளிலும் வகுப்புகள் நிகழ்ந்தன. பல்கலைக்கழகப் பாடங்களே அங்கும் கற்பிக்கப்பட்டு, பட்டத்திற்குக் கணக்கிடப்பட்டன. பின்னர் அது பல்கலைக்கழகக் கல்லூரி எனப் பெயர் மாறிற்று.

உயர்ந்த நோக்கமும் எழுந்த எதிர்ப்பும்

ஆசிரியரை உயர்த்த விரும்பிய ஹார்ப்பர், அவர்களது எதிர்ப்புக்கும் ஆளானார் என்பது வரலாறு. சிகாகோ நகரப் பள்ளிகளின் சீரமைப்புக்கு மேயர் அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். புதிதாக வரும் ஆசிரியர்க்கு உயர்கல்வித் தகுதி வேண்டும், பள்ளிக் கண்காணிப்பாளர்க்கு அதிகாரம் மிகுதல் வேண்டும், ஆடவரை ஈர்க்க அவர்களுக்கு ஊதியம் உயர்தல் வேண்டும் என்றெல்லாம் அக்குழு பரிந்துரைத்தது.

நகரின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு சிறிது பயிற்சி பெற்றுப் பணிக்கு வந்தவர்கள். நிரம்பி வழியும் வகுப்புகளில் குறைந்த ஊதியத்திற்கு உழைத்தவர்கள். 1897-இல் அவர்கள் கூடி அமைத்த சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு, கேதரின் காகின், மார்கரெட் ஹேலி ஆகியோரின் தலைமையில் இப்பரிந்துரைகளை எதிர்த்தது. தங்கள் கருத்தைக் கேளாமல் மேலிருந்து விதிக்கப்படும் சீர்திருத்தம் தங்களை அடிமைப்படுத்தும் என அவர்கள் அஞ்சினர். ஹார்ப்பர் பெயரால் வழங்கிய சட்ட முன்வரைவு 1899-இல் மாநிலச் சட்டமன்றத்தில் தோல்வியுற்றது.

இந்நிகழ்ச்சியை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். ஆசிரியர்க்கு உயர்ந்த கல்வி வேண்டும் என்ற ஹார்ப்பரின் கொள்கை பழுதற்றது. அதற்கான வழியையும் அவரே அமைத்திருந்தார். ஆனால், கதவைத் திறந்து வைத்து அழைப்பது ஒன்று. சட்டத்தால் உந்தித் தள்ளுவது வேறொன்று. கற்கும் ஆசிரியரின் கருத்தும், ஊதியமும், தன்மானமும் மதிக்கப்படாதவிடத்துப் பட்டம் என்பது பரிசாகத் தோன்றாது, சுமையாகவே தோன்றும். ஆடவர்க்கு ஒரு நீதி, பெண்டிர்க்கு ஒரு நீதி எனக் கொண்டது அவர் குழுவின் குறையே ஆகும்.

விளைந்த பயன்

பணியாற்றிக்கொண்டே பயிலும் வழி எத்தகைய பயனைத் தந்தது என்பதற்கு எல்லா பிளாகு யங் அம்மையாரின் வாழ்வே சான்று. பதினேழாம் அகவையில் சிகாகோ பள்ளியொன்றில் ஆசிரியராகச் சேர்ந்த அவர், படிப்படியாக உயர்ந்து மாவட்டக் கண்காணிப்பாளரானார். தம் ஐம்பதாம் அகவையளவில், பொறுப்பு மிக்க அப்பணியில் இருந்தவாறே, ஹார்ப்பர் சிகாகோவுக்கு அழைத்து வந்த மெய்யியல் அறிஞர் ஜான் டூயியின் வகுப்பில் மாணவியாக அமர்ந்தார். 1900-இல் முனைவர் பட்டம் பெற்றார். தம் பட்டறிவால் டூயியின் கல்விக் கொள்கைக்கே வளம் சேர்த்தார். 1909-இல் சிகாகோ நகரப் பள்ளிகள் அனைத்திற்கும் கண்காணிப்பாளராகி, அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி என்னும் பெருமையை அடைந்தார். ஹார்ப்பரின் சட்டத்தை எதிர்த்த அதே ஆசிரியர் கூட்டமைப்பினர் இவ்வம்மையாரைத் தம்மவராகப் போற்றினர். தம்மிடையே இருந்து கற்று உயர்ந்தவரை ஆசிரியர்கள் நம்பினர்.

இறுதி நாள்கள்

ஹார்ப்பர் ஓய்வறியாதவர். தலைவர் பொறுப்பின் இடையே வகுப்பெடுப்பதையும் ஆய்வு செய்வதையும் விட்டாரில்லை. அவரது விரைவால் பல்கலைக்கழகத்தின் செலவு வரவை விஞ்சியதும், ராக்பெல்லர் தரப்பினர் மனக்கவலை கொண்டதும், 1904-இல் கருத்து வேறுபாட்டால் டூயி விலகிச் சென்றதும் அவர் கண்ட இன்னல்கள். அதே காலத்தில் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நோயின் கடுமையை அறிந்தும் அவர் பணியை நிறுத்தவில்லை. பழைய ஏற்பாட்டின் ஆமோசு, ஓசேயா நூல்களுக்கு அவர் எழுதிய விரிவுரை 1905-இல் வெளிவந்தது. 1906 சனவரி 10-ஆம் நாள், ஐம்பது அகவை நிரம்பும் முன்னரே அவர் மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதனை மேற்கொண்டது. வேறு காலத்தில், வேறு தேவையால் எழுந்தவை அவை. எனினும் அவை தீர்க்க முனைந்த இடர்ப்பாடு ஹார்ப்பர் கண்ட இடர்ப்பாடே. பகலெல்லாம் கரும்பலகை முன் நின்றுவிட்டு, இரவில் வீட்டார் உறங்கியபின் பாடநூலை விரித்துப் பட்டம் பெற்ற ஆசிரியப் பெருமக்கள் நம் ஊர்தோறும் உளர். வீட்டுப் பொறுப்புகளைச் சுமந்தவாறே பயின்று ஆசிரியப் பணிக்கு வந்த பெண்களும் பலர். அவர்தம் பட்டத்தை இரண்டாந்தரமாக நோக்கும் வழக்கம் இன்றும் ஆங்காங்கே உண்டு. அஃது அறமன்று.

அதே வேளையில், திருத்தப்படாத விடைத்தாளும், நடைபெறாத நேர்முக வகுப்பும், பெயருக்கு நிகழும் தேர்வும் அப்பட்டத்தின் மதிப்பைக் குலைக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. தொலைவிலிருந்து வரும் விடைத்தாளின் ஒவ்வொரு பிழையையும் ஓர் ஆசிரியர் அமர்ந்து திருத்தினார் என்பதே ஹார்ப்பர் திட்டத்தின் உயிர். அவ்வுழைப்பு உள்ளவரை, வளாகத்திற்கு வெளியே பெறும் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியே. நாளை ஆசிரியராகவிருக்கும் நம் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!