ஹகீம் இப்னு ஸீனா: உணவுக்கு வரம்பு எழுதியவரின் வாழ்வும் முடிவும்

எதைச் சாப்பிட்டால் ஆரோக்கியம் என்ற பேச்சு நம் வீடுகளில் ஓய்வதே இல்லை. கருஞ்சீரகமா, சிறுதானியமா, ஓட்ஸா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எப்போது சாப்பிட வேண்டும், எந்த அளவில் கையை எடுக்க வேண்டும் என்ற பேச்சுதான் அபூர்வம். இந்த இரண்டாவது கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரிவாகப் பதில் எழுதியவர் ஹகீம் இப்னு ஸீனா. ஒரு வயிற்று நோயைக் குணப்படுத்தியதால் அவருக்கு அரசவையின் கதவு திறந்தது. அதே நோயைப் பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார். கடைசியில் அதே நோய்தான் அவரது உயிரையும் பறித்தது.

புகாராவின் சிறுவன்

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்தில்லாஹ் இப்னு ஸீனா ஹிஜ்ரி 370-ல், அதாவது கி.பி. 980-ல், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாராவுக்கு அருகே அஃப்ஷனா என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை பல்க் நகரைச் சேர்ந்தவர். ஸாமானிய அரசில் அதிகாரியாக இருந்தார். தாயார் பெயர் ஸிதாரா. குடும்பம் புகாராவில் குடியேறியபின், பத்து வயதுக்குள் அவர் குர்ஆனைக் கற்று முடித்தார்.

அந்தச் சிறுவனுக்கு இந்தியக் கணக்கு முறையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு காய்கறி வியாபாரி. தந்தைதான் மகனை அவரிடம் அனுப்பினார். ஃபிக்ஹு கலையை இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்ற அறிஞரிடம் படித்தார். தர்க்கமும் தத்துவமும் படித்தபின் மருத்துவத்துக்கு வந்தார். அது தனக்குக் கடினமான கலையாகத் தெரியவில்லை என்று தன் வரலாற்றிலேயே பதிந்திருக்கிறார். பதினாறு வயதிலேயே நோயாளிகளைப் பார்த்து அனுபவம் பெற்றுவிட்டார். ஏதேனும் ஒரு சிக்கல் பிடிபடாமல் போனால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அது விளங்கும்படி துஆச் செய்வது அவரது வழக்கம்.

புகாராவின் ஆட்சியாளர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது, மருத்துவர்கள் இந்த இளைஞரையும் வரவழைத்தார்கள். அதற்கு வெகுமதியாக அவர் கேட்டது அரண்மனை நூலகத்துக்குள் நுழைய அனுமதி. அறை அறையாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்த நூல்களை ஆசை தீரப் படித்தார். பதினெட்டு வயதில் அன்றைய கலைகளை எல்லாம் கற்று முடித்திருந்தார்.

அமீரின் வயிற்று வலி

தந்தை காலமானார், ஸாமானிய அரசும் சரிந்தது. பிழைப்புக்காக ஊர் ஊராக அலையும் வாழ்க்கை தொடங்கியது. குர்கன்ஜ், ஜுர்ஜான், ரை என்று பயணம் நீண்டது. ஜுர்ஜானில் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி என்ற மாணவர் வந்து சேர்ந்தார். இறுதி வரை பிரியாமல் உடனிருந்தவர் இவரே. ஆசிரியரின் பிற்கால வாழ்க்கையை நிறைகுறைகளோடு எழுதிவைத்தவரும் இவர்தான்.

ஈரானின் ஹமதான் நகரை ஆண்ட அமீர் ஷம்ஸுத் தவ்லாவுக்கு குலன்ஜ் என்ற நோய் கண்டது. குடல் இறுகி, கழிவு வெளியேறாமல் வயிற்றை முறுக்கும் கடும் வலிக்கு அன்றைய மருத்துவம் வைத்த பெயர் அது. இப்னு ஸீனா 40 நாள் இரவும் பகலும் அரண்மனையிலேயே தங்கிச் சிகிச்சை அளித்தார். அமீர் குணமடைந்து, அவரைத் தன் நெருங்கிய தோழராக்கிக்கொண்டார். பிறகு வஸீராகவும் நியமித்தார்.

பதவியோடு ஆபத்தும் வந்தது. படைவீரர்கள் அவருக்கு எதிராகக் கிளம்பி வீட்டைச் சூறையாடினார்கள். அவரைக் கொல்லவும் கோரினார்கள். அமீர் கொல்ல மறுத்து, பதவியை மட்டும் பறித்தார். இப்னு ஸீனா இன்னொருவர் வீட்டில் 40 நாள் ஒளிந்திருந்தார். அமீருக்கு மீண்டும் குலன்ஜ் வந்தது. தேடி அழைத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் வஸீர் பதவியைக் கொடுத்தார்கள்.

பகல் முழுவதும் அரசுப் பணி. இரவில் மாணவர்கள் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் தத்துவ நூலான அஷ்ஷிஃபாவைப் படிப்பார். இன்னொருவர் மருத்துவ நூலான அல்கானூனைப் படிப்பார். பாடம் முடிந்தபின் இசையும் மதுவும் கலந்த சபை நடந்ததையும் மாணவர் மறைக்கவில்லை. மார்க்கம் ஏற்காததை நாமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அவரது தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கடுமையாக மறுத்து எழுதியிருப்பதும் ஆலிம்கள் அறிந்ததே. ஆனால் அவரது மருத்துவ அறிவை உலகமே எடுத்துக்கொண்டது. ஐந்து பாகங்கள் கொண்ட அல்கானூன் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்று, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூறு ஆண்டுகள் பாடநூலாக இருந்தது. நம் நாட்டின் யுனானி மருத்துவத்துக்கும் அது அடிப்படை நூல்களில் ஒன்று.

கானூன் சொல்லும் உணவு முறை

ஆரோக்கியமாக இருப்பவர் அந்த ஆரோக்கியத்தைக் காப்பது எப்படி என்று கானூனின் முதல் பாகத்தில் ஒரு பகுதி இருக்கிறது. உடற்பயிற்சி, உணவு, உறக்கம் ஆகிய மூன்றும்தான் அதன் தூண்கள். உணவைப் பற்றி அவர் வகுக்கும் வரம்புகளில் சில:

பசி வந்த பிறகே உண்ண வேண்டும். உண்மையான பசி வந்துவிட்டால் தள்ளிப்போடவும் கூடாது.

வயிறு நிறைவதற்கு முன், இன்னும் கொஞ்சம் உண்ணலாம் என்ற ஆசை மிஞ்சியிருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். அந்த மிச்சப் பசி சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும்.

முன்பு உண்டது செரிக்கும் முன் அதன் மேல் இன்னொரு வேளையை ஏற்றக் கூடாது. ஒரே வேளையில் பல வகைகளைக் கலந்து நிரப்புவதும் வயிற்றுக்குச் சுமை.

உடலுழைப்பு உணவுக்கு முன் இருக்கட்டும். உண்டபின் கடுமையான வேலை கூடாது. மெதுவான நடை போதும்.

கோடையில் உணவு இலேசாக இருக்க வேண்டும். பழகிய முறையைத் திடீரென்று மாற்றக் கூடாது. இரண்டு வேளை உண்டு பழகியவர் ஒரே வேளைக்கு மாறினால் பலவீனமடைவார்.

ஒரு நாள் அளவு மீறிவிட்டால் மறுநாள் வயிற்றைக் காயப்போட வேண்டும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கச் சொல்லும் நபிமொழியை அறிந்தவர்களுக்கு இந்த வரம்புகள் புதியவை அல்ல.

அவர் எழுதிய எல்லாவற்றையும் இன்று அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. சுத்தமான கோதுமையையும் இளம் ஆட்டு இறைச்சியையும் அவர் முதன்மை உணவாக வைத்தார். காய்கறி, பழங்களை மருந்தின் தன்மை உடையவை என்று கருதி, அன்றாடம் அவற்றையே பிரதானமாக உண்ண வேண்டாம் என்றார். இன்றைய மருத்துவம் இதற்கு மாறாக, காய்கறியையும் பழத்தையும் தட்டில் தாராளமாக வைக்கச் சொல்கிறது. எதை உண்பது என்பதில் அவரது பட்டியல் அவர் காலத்தோடு போனது. எப்படி உண்பது என்பதில் அவர் இட்ட வரம்புகள் பெரும்பாலும் இன்றும் பொருந்துகின்றன.

சொல் கேளாத அமீர்

ஷம்ஸுத் தவ்லா ஒரு படையெடுப்புக்குப் புறப்பட்டார். வழியில் குலன்ஜ் மீண்டும் தாக்கியது. இம்முறை வேறு நோய்களும் சேர்ந்துகொண்டன. தன்னைப் பேணிக்கொள்ளாததும், ஹகீமின் அறிவுரைகளை ஏற்காததுமே அதற்குக் காரணம் என்று ஜூஸ்ஜானி குறிப்பிடுகிறார். ஹமதானுக்குத் தூக்கிவரும் வழியிலேயே அமீர் இறந்துபோனார். தன் காலத்தின் தலைசிறந்த மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும், அவர் சொல்லைக் கேட்காதவருக்கு அந்த மருத்துவம் பயன்படவில்லை.

அடுத்து வந்த ஆட்சியில் இப்னு ஸீனா ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைக்கப்பட்டார். அங்கேயும் எழுதினார். அப்போது எழுதிய நூல்களில் ஒன்று குலன்ஜ் நோயைப் பற்றியது. விடுதலைக்குப் பின் ஸூஃபி உடையில் மாறுவேடமிட்டு இஸ்ஃபஹான் சென்றார். அமீர் அலாவுத் தவ்லா அவரைக் கண்ணியத்தோடு வரவேற்றார்.

ஹகீமின் கடைசி நோய்

இப்னு ஸீனா உடல் வலிமை மிக்கவர். அந்த வலிமையை நம்பியே வேலையிலும் ஆசைகளிலும் அளவு பாராமல் இருந்தார். அதன் விளைவு உடலில் தெரியத் தொடங்கியது. அலாவுத் தவ்லாவோடு போர்ப் பயணத்தில் இருந்தபோது அவரையே குலன்ஜ் பிடித்தது. படை பின்வாங்கும் சூழலில் நோயோடு பின்தங்கிவிடுவோமோ என்று பயந்து, விரைவாகக் குணமாக ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடலில் புண் உண்டானது.

பிறகு எனிமா மருந்தில் செலரி விதை இரண்டு தானக் எடை சேர்க்கச் சொன்னார். ஆறு தானக் சேர்ந்தால் ஒரு திர்ஹம். உடனிருந்த ஒரு மருத்துவர் ஐந்து திர்ஹம் எடை போட்டுவிட்டார். சொன்னதைப் போல 15 மடங்கு. அது தவறுதலா, வேண்டுமென்றே செய்ததா என்பது தனக்குத் தெரியாது என்கிறார் ஜூஸ்ஜானி. இன்னொரு மருந்தில் பணியாள் ஒருவர் அளவுக்கு மீறி அபினைக் கலந்தார். அவர்கள் ஹகீமின் பணத்தைக் கையாடியிருந்தார்கள்; அவர் பிழைத்தால் தண்டனை வரும் என்று அஞ்சினார்கள்.

இஸ்ஃபஹானுக்குத் தூக்கிவந்தபின் தனக்குத் தானே சிகிச்சை செய்து, எழுந்து நடக்கும் அளவுக்குத் தேறினார். ஆனால் குணமாகும் காலத்தில் காக்க வேண்டிய கட்டுப்பாட்டைக் காக்கவில்லை. நோய் தணிவதும் திரும்புவதுமாக இருந்தது. அமீரோடு ஹமதானுக்குப் புறப்பட்டபோது வழியில் வலி திரும்பியது. இனி உடல் தாங்காது என்று உணர்ந்து சிகிச்சையை நிறுத்தினார். குளித்து, தவ்பாச் செய்து, தன் செல்வத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். உரிமையில் இருந்த அடிமைகளை விடுதலை செய்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார். ஹிஜ்ரி 428 ரமளானில், கி.பி. 1037-ல், ஹமதானில் வஃபாத்தானார். ஹிஜ்ரிக் கணக்கில் வயது 58. அவரது கப்ரு இன்றும் அங்கே இருக்கிறது.

நமக்கான பாடம்

அமீர் ஹகீமின் சொல்லைக் கேட்கவில்லை. ஹகீமோ தன் சொல்லையே தான் கேட்கவில்லை. இருவருக்கும் அறிவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நம் நிலையும் இதுதான். சர்க்கரை நோயாளிக்கு எது ஆகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வலீமா விருந்தில் இரண்டாவது முறை பிரியாணியை வைப்பவரும் அவர் வீட்டாராகவே இருக்கிறார். பகல் முழுவதும் நோன்பிருந்துவிட்டு, இஃப்தாரில் கஞ்சிக்கு மேல் வடை, வடைக்கு மேல் சமோசா, அது செரிக்கும் முன்பே இரவு உணவு என்று அடுக்குகிறோம். புதிய உணவுப் பட்டியலைத் தேடுவதற்கு முன், இன்றிரவு உணவில் கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்போதே எழுந்து பார்ப்போம். பிள்ளைகளைத் தட்டைக் காலி செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், முதலில் குறைவாகப் பரிமாறிப் பழக்குவோம்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அறிந்ததைச் செயலாக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.