கரும்புக்கும் தாய், தந்தை உண்டு

கார்த்திகை தீபத் திருவிழாவின்போது திருவண்ணாமலை மாடவீதியில் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்பில் கட்டிய தொட்டிலில் கிடத்திப் பெற்றோர் சுமந்து வருவார்கள். அந்தப் பிள்ளையைப் போலவே கரும்புக்கும் தாய், தந்தை உண்டு. அவர்களைச் சேர்த்து வைத்தவர்களில் முதன்மையானவர் சர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

1884ல் பிறந்தவர். 1912ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, இந்தியச் சந்தையில் ஜாவா சர்க்கரை குவிந்திருந்தது. வட இந்தியக் கரும்போ மெலிந்தது. அங்கே விதை பிடிப்பதும் அரிது. கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும். அங்கே தாவரவியல் அறிஞர் பார்பருடன் வெங்கட்ராமன் பணியாற்றினார்.

கரும்பின் ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. தன் மகரந்தத்திலேயே விதை பிடித்தால் நாற்றுகள் பெரும்பாலும் நோஞ்சானாக இருக்கும். சில ரகங்களில் மகரந்தம் பதராகிவிடும். வேறு செடியின் மகரந்தம் வந்தால்தான் விதை. இந்தக் குறையே ஒட்டுச்சேர்க்கைக்கு வசதியானது. 'வெள்ளை' என்ற கரும்பைத் தாயாகவும், நாணல் இனமான காட்டுக்கரும்பைத் தந்தையாகவும் வைத்தார்கள். பிறந்தது கோ 205. தாயின் இனிப்பும் தந்தையின் உரமும் சேர்ந்த அந்த ரகம் 1918ல் பஞ்சாபுக்குப் போனது.

பிறகு வெங்கட்ராமன் நிலையத்தின் தலைமையை ஏற்றார். 1933ல் வந்த கோ 419 தென்னிந்திய வயல்களை நிறைத்தது. 1956ல் பத்மபூஷண் பெற்றார். 1963ல் மறைந்தார்.

அவர் வேலையில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. விதையில் முளைக்கும் ஒவ்வொரு கரும்பும் ஒவ்வொரு விதம். நீங்கள் நடுவதோ கரணை. அதனால் வயல் முழுக்க நிற்பது ஒரே செடியின் நகல். ஒன்றை வீழ்த்தும் நோய் அத்தனையையும் வீழ்த்தும். கோசி 671 செவ்வழுகலில் வீழ்ந்தது அப்படித்தான். இன்று தமிழகக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி கோ 86032 என்ற ஒரே ரகம்.

எனவே கரணை வெட்டும்போது ஒரு கழியைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, புளித்த வாடை வந்தால் அந்த வயலில் கரணை எடுக்காதீர்கள். தூரோடு தோண்டி எரித்துவிடுங்கள். மறுதாம்பும் விடாதீர்கள். அடுத்த நடவில் ஒரு பகுதிக்காவது நோய் தாங்கும் வேறு ரகத்தைக் கரும்பு அலுவலரிடம் கேளுங்கள்.