மதுரை எதிர்த்த கமிஷனில் ஒரு பைப் மனிதர்... அட்லியின் கதை!

அட்லின்னு சொன்னதும் உங்களுக்கு மெர்சல் டைரக்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். நாம பார்க்கப்போறது வேற அட்லி. 1947-ல் இந்தியாவுக்குச் சுதந்திரம் தரும் சட்டத்தை லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய பிரிட்டிஷ் பிரதமர், கிளமென்ட் அட்லி. வழுக்கைத் தலை, கத்தரித்த மீசை, வாயில் ஒரு பைப். போன்ல அவர் படத்தைத் தேடிப் பாருங்க, அந்த பைப்பும் கூடவே வரும்.

1883 ஜனவரி 3-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா வக்கீல், வசதியான வீடு. ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு முடித்து இவரும் வக்கீல் ஆனார். ஆனா மனசு கோர்ட்ல ஒட்டல. கிழக்கு லண்டனின் ஏழைப் பையன்களுக்கு நடந்த ஒரு கிளப்புக்குப் போக ஆரம்பித்தவர், பிறகு அந்தப் பகுதியிலேயே பல வருஷம் தங்கிவிட்டார். செருப்பில்லாத பிள்ளைகளையும் கூலி போதாத குடும்பங்களையும் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் அவரை இடதுசாரி ஆக்கியது. முதல் உலகப்போரில் கல்லிப்போலியில் சண்டை போட்டார்; அங்கிருந்து படைகள் வெளியேறியபோது கடைசியாகக் கிளம்பியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த வருஷம் மெசபடோமியாவில் காயம். 1922-ல் எம்.பி. ஆனார்.

இனிதான் நம்ம ஊர் வருது. 1927-ல் இந்திய ஆட்சிமுறையை ஆராய ஏழு பேர் கமிஷனை லண்டன் அறிவித்தது. சைமன் கமிஷன். இந்தியாவைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் ஒரு இந்தியர்கூட இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவர் அட்லி. கமிஷன் போன இடமெல்லாம் எதிர்ப்பு. லாகூரில் தடியடி பட்ட லாலா லஜபதி ராய் சில வாரங்களில் இறந்தார். மதுரைக்கு வந்தபோது திருமலை நாயக்கர் மகால் முன்னால் பெருங்கூட்டம் திரண்டு, திரும்பிப் போகச் சொல்லி முழங்கியது. அந்தப் போராட்டத்தில் முன்னே நின்ற இளைஞர்களில் ஒருவர் விருதுநகர் காமராஜர். அப்போ அவருக்கு முப்பதுகூட ஆகல.

இதைக் கேட்டு அட்லி உடனே மனம் மாறிட்டார்னு எழுதினா சினிமாவுக்கு நல்லாருக்கும். நடந்தது அப்படி இல்லை. 1930-ல் வந்த கமிஷன் அறிக்கையில் டொமினியன் அந்தஸ்து பற்றிப் பேச்சே கிடையாது. அதில் அவர் கையெழுத்தும் இருக்கு. மாற்றம் மெதுவாத்தான் வந்தது. இந்தியாவைத் தொடர்ந்து படித்தார், கேட்டார், யோசித்தார். பைப் பிடிக்கிறவங்க குணம் அதுன்னு சொல்லலாம். பைப் அவசரத்துக்கு ஒத்துவராது.

ஏன்னு தெரியணும்னா அந்தக் கிண்ணத்தைப் பார்க்கணும். பெரும்பாலான பைப்கள், மத்திய தரைக்கடல் பக்கம் வளரும் பிரையர் என்ற புதரின் வேர்முண்டில் கடைஞ்சவை. புதுசா வாங்கினதை முழுசா நிரப்பிக் கொளுத்தினா உள்சுவர் கருகிடும். முதல் சில தடவை பாதிக்கும் குறைவாத்தான் நிரப்பணும், மெதுவா புகையவிடணும். அப்போ உள்ளே மெல்லிய கரிப்படலம் படியும். நம்ம வீட்ல புது தோசைக்கல்லை எண்ணெய், வெங்காயம் போட்டுப் பழக்குறோமே, அதே கதைதான். அந்தக் கரிதான் மரத்துக்குக் கவசம். முழுசா சுரண்டவும் கூடாது, தடிக்கவும் விடக் கூடாது. ஒரு நாணயத்தின் கனத்தைத் தாண்டினா சூட்டில் கரி விரிந்து கிண்ணம் வெடிக்கும். ஒருமுறை பிடிச்சா ஒரு நாளாவது காயவிடணும். சூடா இருக்கும்போது தண்டைக் கழற்றினா இணைப்பு உடையும். தாத்தா பீரோவில் ஒரு பழைய பிரையர் பைப் கிடைச்சா, தண்ணியில ஊறவைக்காதீங்க. கிண்ணத்தின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால துடைச்சு, தண்டுக்குள்ளே பஞ்சுக்கம்பி விட்டு எடுத்து, காத்தாட வைங்க போதும். ஷோகேஸ்ல அழகா இருக்கும். வாயில வைக்க வேண்டாம். சிகரெட்டைவிட இது தேவலைன்னு ஒரு பேச்சு உண்டு, வாய்ப் புற்றுநோய்க்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

1940-ல் சர்ச்சில் பிரதமரானார். அவர் கையில் எப்போதும் சுருட்டு. நம்ம தமிழ்ச் சுருட்டுதான் ஆங்கிலத்தில் செரூட் ஆச்சு; அந்தக் காலத்தில் மதுரை ஜில்லாவில் இருந்த திண்டுக்கல்லின் புகையிலைதான் திருச்சி சுருட்டுன்னு உலகம் முழுக்கப் போனது. சர்ச்சில் பிடிச்சதும் அதுதான்னு இந்தப் பக்கம் பெருமையா சொல்வாங்க. அவர் அதிகம் பிடிச்சது என்னவோ கியூபா சுருட்டு. அவருடைய போர்க்கால அமைச்சரவையில் துணைப் பிரதமராக உட்கார்ந்திருந்தார் அட்லி. ஒருத்தர் மணிக்கணக்கில் பேசுவார், இன்னொருத்தர் ஒற்றை வார்த்தையில் முடிப்பார். இந்தியாவை விட்டுக்கொடுக்கவே கூடாதுன்னு நினைத்தவர் முதலாமவர்.

1945 தேர்தலில் மனைவி வயலெட் காரோட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பிரசாரம் போனார் அட்லி. சர்ச்சிலைத் தோற்கடிக்க முடியும்னு பலர் நம்பவே இல்லை. அட்லியின் லேபர் கட்சிக்கு 393 இடங்கள் கிடைத்தன. பதவியேற்க அரண்மனைக்குப் போனதும் அதே மாதிரி வயலெட் ஓட்டிய சொந்தக் காரில்தான். 1948 ஜூலை 5-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்தது அவருடைய அரசு. அவர் ஒரு கிரிக்கெட் பைத்தியம். ஸ்கோர் வரும் என்பதற்காகவே பிரதமர் இல்லத்தில் செய்தி இயந்திரம் வைக்கச் சம்மதித்தார்.

இந்தியா விஷயத்தில்தான் இந்த நிதானமான மனிதர் திடீர்னு வேகமெடுத்தார். 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்போம்னு 1947 பிப்ரவரி 20-ல் அறிவித்தார். மவுன்ட்பேட்டனை அனுப்பினார். நாள் ஆகஸ்ட் 15-க்கு முன்னால் வந்தது. சுதந்திர மசோதா ஜூலை 4-ல் அறிமுகமாகி, 18-ல் சட்டமானது. ரெண்டே வாரம். எல்லைக்கோடு போட ராட்கிளிஃபுக்குக் கிடைத்தது சுமார் அஞ்சு வாரம். பஞ்சாபிலும் வங்காளத்திலும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், கோடிக்கும் மேல் மக்கள் வீடிழந்தார்கள். கொடுத்தே ஆகணும்னு முடிவெடுத்ததுக்காக அவரைப் பாராட்டலாம். கொடுத்த அவசரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ரெண்டையும் சேர்த்தேதான் அவரைப் பார்க்கணும்.

மதுரையில் அவருடைய கமிஷனுக்கு எதிராக நின்ற காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனார். 1955-ல் அட்லி கட்சித் தலைமையை விட்டு விலகினார், இருபது வருஷம் வகித்த பதவி அது. 1967 அக்டோபர் 8-ல், 84 வயதில் இறந்தார். ஒரு சாம்ராஜ்யத்தின் பிரதமராக ஆறு வருஷம் இருந்தவர் விட்டுச்சென்ற சொத்து 7,295 பவுண்டு.