ஜி. டி. நாயுடு உதறிய பதவி

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய சவர யந்திரத்தை வியந்து பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் மனத்தில் நிற்பது வேறு. ஒரு கல்லூரிக்குத் தாராளமாகப் பொருளுதவி செய்து, அதன் தலைமைப் பதவியையும் ஏற்று, பின் அதை அவர் உதறிச் சென்ற சங்கதி அது.

அவர் 1893-ம் வருஷம் கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்ட நாள்முதல் அவருக்கு வேறு நினைவில்லை. அதை வாங்குவதற்காகவே கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்து பணம் சேர்த்தார். வாங்கியதும் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். அவருக்கு வாய்த்த தொழிற்பள்ளி அதுதான்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் ஆரம்பித்தது, சில வருஷங்களில் யூ. எம். எஸ். என்னும் பெரிய கம்பெனியாயிற்று. பைகாரா மின்சாரம் கொங்கு நாட்டின் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் வந்து சேர்ந்த காலத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, 1937-ல் இத்தேசத்தின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார். சீமைச் சரக்கை நம்பியிருந்த குடியானவனுக்கு அது எத்தகைய விடுதலை என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

யுத்தம் முடிந்த 1945-ல் அவருடைய நன்கொடையால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோயமுத்தூரில் எழுந்தன. பணம் நம்மவருடையது, பெயரோ அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்புடையது! அக்காலத்து வழக்கம் அது. நாயுடுவே தலைவரானார். பாடத்திட்டத்தைக் கண்டு அவர் திருப்தியடையவில்லை. நான்கு வருஷத்தில் கற்பிப்பதை இரண்டே வருஷத்தில் கற்பிக்கலாம். மிச்சமெல்லாம் மாணாக்கனின் வயதையும் தகப்பன் பணத்தையும் வீணாக்குவது என்பது அவர் வாதம். சர்க்கார் இணங்கவில்லை. அவர் ராஜிநாமா செய்தார்.

அவர் கூறியது முழுதும் சரியென்று நாம் சாதிக்க வரவில்லை. கணிதத்திலும் பௌதிகத்திலும் அஸ்திவாரமின்றிக் கைப்பழக்கம் மட்டும் பெற்றவன், புதிய யந்திரம் வந்தால் திகைத்து நிற்பான். நாயுடு போன்ற கூரிய புத்தி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தம்மை வைத்தே பிறரை அளந்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஆயினும் பரீட்சார்த்தமாக ஒரு வகுப்பையேனும் அவரிடம் ஒப்படைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இரண்டு வருஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். நாமும் வருஷக்கணக்கில் பட்டப் படிப்பும் சட்டப் படிப்பும் படித்து வக்கீல் கவுன் தரித்தவர்கள்தாம். கோர்ட்டில் பிரயோஜனப்பட்டது அதில் எத்தனை மாதப் படிப்பு என்று கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது.

அந்நிய சர்க்கார் போயிற்று. அனுமதிச் சீட்டு போகவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கக்கூடிய இருவர் செல்லும் காரை 1952-ல் அவர் செய்து காட்டினார். உற்பத்திக்கு லைசென்ஸ் கிடைக்காமற்போகவே அம்முயற்சி நின்றது. வெள்ளையர் காலத்தில் நடந்திருந்தால் இதற்கு நாம் கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியிருப்போம்.

1974-ல் நாயுடு காலமானார். கல்லூரி பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் பெயர்ந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. கல்லூரி போனாலும் பழைய இடத்தில் கவர்னர் பெயர் போகவில்லை. அவினாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் இன்றும் ‘ஹோப் காலேஜ்’ என்றே கூவுகிறார். 2025-ல் அந்த ரோட்டின்மேல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு நாயுடுவின் பெயரை இட்டிருக்கிறார்கள்.