கொட்டாவிக்காரர் ஜெரோனிமோ

அமெரிக்காவின் அப்பாச்சி வீரர் ஜெரோனிமோவைத் தெரியுமா? பிறந்தது 1829. முதல் பெயர் கோயாத்லே. கொட்டாவி விடுபவன்னு அர்த்தமாம்! அம்மா, மனைவி, மூன்று குழந்தைகளை மெக்சிகோ சிப்பாய்கள் கொன்றார்கள். அப்புறம் அவருக்குத் தூக்கம் ஏது?

அப்பாச்சிகளை அரிசோனாவில் சான் கார்லோஸ் என்ற வறண்ட இடத்தில் அரசு அடைத்து வைத்தது. ஜெரோனிமோ அங்கிருந்து திரும்பத் திரும்பத் தப்பினார். 1886-ல் அவர்கூட 40 பேர்கூட இல்லை. தேடியதோ 5000 சிப்பாய்கள்! பிடிக்க முடியலை. கடைசியில் அப்பாச்சி ஆட்களே தேடிப்போய்ப் பேசினார்கள்; சரணடைந்தார். அப்படி உதவியவர்களையும் சேர்த்துக் கைதிகளாகப் புளோரிடாவுக்கு அனுப்பிட்டாங்க. இது எந்த ஊர் நியாயம்?

1905-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்து, அரிசோனாவுக்குத் திரும்ப அனுமதி கேட்டார். ரூஸ்வெல்ட் மறுத்துட்டார். 1909-ல் ஓக்லஹோமாவில் கைதியாகவே இறந்தார். கூட இருந்தவர்களுக்கு விடுதலை 1913-ல்தான்.